நாய்க்கு ஓர் இடம்: மூன்று படைப்புகளும் ஒரு கேள்வியும்

தெருவோரம் கிடக்கும் நாய்க்குட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். எடுத்ததை எங்கே கொண்டுபோய் விடுவது என்னும் கேள்விக்கு விடை காண ஓராண்டு கூடப் போதாமற் போவதுண்டு. முதற் செயலைக் கண்டவர் பாராட்டுவர். இரண்டாவதைக் காண்பார் இலர். கதை எழுதுவோரும் பெரும்பாலும் முதற் செயலோடு நின்றுவிடுகின்றனர். மழையில் நனைந்த குட்டி, அதைத் தூக்கிவரும் சிறுவன், கிண்ணத்துப் பால், நன்றியோடு ஆடும் வால் என்று நம் இதழ்களில் எத்தனையோ கதைகளைப் படித்திருக்கிறோம். வால் ஆடியதும் கதை முடிந்துவிடும். மறுநாட் காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அக்கதைகள் சொல்வதில்லை.

மறுநாட் காலையைச் சொல்லத் துணிந்த படைப்புகளும் உண்டு. அவற்றுள் மூன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது, ரஷ்ய எழுத்தாளர் இவான் துர்கனேவ் 1852இல் எழுதி 1854இல் அச்சேறிய 'மூமூ' என்னும் கதை. இரண்டாவது, அந்தோன் செக்கோவ் 1887இல் எழுதிய 'கஷ்தான்கா'. மூன்றாவது, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா உருவாக்கி 1952இல் திரைக்கு வந்த 'உம்பர்ட்டோ டி.' திரைப்படத்தை இலக்கியத்தோடு ஒரே வரிசையில் வைக்கலாமா என்று சிலர் வினவக்கூடும். அதன் கதையை எழுதிய சேசரே சவாத்தினி, ஓர் அன்றாட நிகழ்ச்சியை அதன் இயல்பான நீளத்திலேயே பார்க்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். அப்படத்தில் உள்ளது நல்ல சிறுகதை ஒன்றின் அடக்கமே. ஆகவே தயக்கமின்றிச் சேர்த்துக்கொண்டோம்.

முதற் கதையில் ஒரு நாய் மீட்கப்படுகிறது. இரண்டாவதில் வழிதவறிய நாய்க்குப் புதிய வீடு கிடைக்கிறது. மூன்றாவதில் ஒருவர் தம் நாய்க்கு வீடு தேடி அலைகிறார். எடுத்தல், வளர்த்தல், ஒப்படைத்தல் என்னும் மூன்று படிகளையும் இவை தனித்தனியே காட்டுகின்றன. ஒருசேர வாசிக்கும்போது, தனியாக வாசித்தால் புலப்படாத ஓர் உண்மை வெளிப்படுகிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்த கை

'மூமூ'வின் நாயகன் கெராசிம் காது கேளாதவன், வாய் பேசாதவன், மலைபோன்ற உடலும் நால்வர் வேலையைத் தனியே செய்யும் வலிமையும் உடையவன். அவன் ஒரு பண்ணையடிமை. கிராமத்தில் உழுதுகொண்டிருந்தவனை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து, தன் மாளிகையின் முற்றம் பெருக்கவும் காவல் காக்கவும் வைத்திருக்கிறாள் ஒரு விதவைச் சீமாட்டி. அவன் மனம் வைத்த சலவைக்காரி தத்யானாவைக் குடிகாரச் செருப்புத் தொழிலாளி கபிதோனுக்கு மணமுடித்து வைப்பதும் அவளே. ஓராண்டு கழித்து, அவ்விருவரும் தொலைதூரச் சிற்றூர் ஒன்றுக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போதுதான், ஆற்றங்கரைச் சேற்றில் கரையேற முடியாமல் தத்தளிக்கும் சின்னஞ்சிறு குட்டியொன்று கெராசிமின் கண்ணிற் படுகிறது.

துர்கனேவ் இந்த இடத்தைக் கையாளும் முறை நோக்கத்தக்கது. கெராசிமின் இரக்கத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் குட்டியைத் தூக்கி அங்கிக்குள் வைத்துக்கொள்கிறான், தன் கட்டிலில் படுக்க வைத்துக் கனத்த மேலாடையால் போர்த்துகிறான், பால் கொணர்கிறான். அதற்கு நக்கிக் குடிக்கத் தெரியவில்லை என்று கண்டதும் தலையைப் பிடித்துப் பாலில் மூக்கை வைக்கிறான். அன்றிரவு அவன் உறங்குகிறான் என்பதோடு அந்தப் பகுதி முடிகிறது. பேச இயலாதவன் எழுப்பக்கூடிய ஒரே ஓசையே அந்நாயின் பெயராகிறது.

பிறகு நிகழ்வதைப் பலரும் அறிவர். சீமாட்டி ஒருநாள் அந்நாயைக் கண்டு ஆசையோடு அழைக்கிறாள். அது பல்லைக் காட்டிவிடுகிறது. அந்தக் கணத்தில் நாயின் விதி முடிவாகிவிடுகிறது. வேலைக்காரன் ஒருவன் அதைத் திருடிச் சந்தையில் விற்கிறான். கயிற்றை அறுத்துக்கொண்டு அது திரும்பி வருகிறது. கெராசிம் அதைத் தன் மாடியறையில் ஒளித்துவைக்கிறான். தன் காதுக்குக் கேளாத குரைப்பு பிறர் காதுக்குக் கேட்கும் என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. இறுதியில் காரியக்காரன் ஆட்களோடு வந்து கதவைத் தட்டும்போது, தானே அதன் கதையை முடித்துவிடுவதாகச் சைகை செய்கிறான். திருநாள் அங்கியை அணிந்து, நாயை உணவுக்கடைக்கு அழைத்துச் சென்று, இறைச்சி இட்ட முட்டைக்கோசுச் சாற்றை வாங்கி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இறைச்சியைச் சிறுசிறு துண்டாக்கித் தருகிறான். பின்னர் ஒரு படகில் ஏறி ஆற்றின் நடுவே சென்று, செங்கற்களைக் கட்டி அதை நீரில் விட்டுவிடுகிறான். நீரிலிருந்து எடுத்தவன் நீருக்கே கொடுக்கிறான்.

இக்கதையைப் பள்ளியில் படித்த ரஷ்யச் சிறார் ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு. எப்படியும் சீமாட்டியின் அனுமதியின்றிக் கெராசிம் அன்றே தன் கிராமத்துக்கு நடந்துவிடுகிறானே, நாயையும் உடன் அழைத்துச் சென்றிருக்கலாமே என்பதே அது. நியாயமான கேள்வி. கதையின் குறை என்றும் சிலர் இதைச் சுட்டுவர். நமக்கோ இதுவே கதையின் உயிர்நிலை என்று தோன்றுகிறது. நாயைக் கொல்லும் வரையில் அவனுக்குத் தன் காலால் நடந்து போகலாம் என்பது தெரியாது. அவன் உடல் சீமாட்டியின் உடைமை. உறங்கும் அறையும் அவளுடையது. தனக்கென்று இடமில்லாத ஒருவன் இன்னோர் உயிருக்கு இடம் கொடுத்தான். கொடுத்த இடம் தன்னுடையதில்லை என்பதை மிகக் கொடிய விலை கொடுத்து அறிந்தான். அறிந்தபின்தான் புறப்பட்டான்.

துர்கனேவின் தாய் வர்வாரா பெத்ரோவ்னாவின் சாயலில் அந்தச் சீமாட்டி படைக்கப்பட்டாள் என்பதும், அவர்தம் பண்ணையில் அந்திரேய் என்னும் வாய்பேசாத அடிமை உண்மையில் இருந்தார் என்பதும் பதிவாகியுள்ள செய்திகள். அந்த அந்திரேய் எசமானியை விட்டுப் போகவில்லை. துர்கனேவ் தம் கதையில் அவரைப் போகவிட்டார். கோகோலின் மறைவுக்கு எழுதிய அஞ்சலிக்காகத் தாமே காவலில் வைக்கப்பட்டிருந்த நாள்களில் அவர் இதை எழுதினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பண்ணையடிமை முறை ரஷ்யாவில் 1861இல்தான் ஒழிந்தது.

குறை ஒன்று சொல்ல வேண்டுமானால், சீமாட்டியின் பாத்திரத்தைச் சொல்லலாம். அவளுடைய தலைவலிகளும் மூர்ச்சைகளும் ஏறக்குறைய நகைச்சுவையாகவே வரையப்பட்டிருக்கின்றன. தீமை அத்தனை எளிதில் அடையாளம் காணத்தக்கதாக இருந்துவிட்டால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். நாம் சீமாட்டிகள் இல்லையே என்று ஆறுதல் கொள்கிறோம்.

நன்றி என்னும் மயக்கம்

அந்த ஆறுதலைச் செக்கோவ் தருவதில்லை. 'கஷ்தான்கா'வில் தீயவர் எவருமில்லை. செந்நிறமும் நரிமுகமும் கொண்ட அந்தக் கலப்பினப் பெட்டை நாய், தச்சர் லூக்கா அலெக்சாந்திரிச்சுக்கும் அவர் மகன் ஃபெத்யூஷ்காவுக்கும் உரியது. இராணுவ வாத்தியக் குழுவின் முழக்கத்துக்கு அஞ்சி ஓடி, பனி பெய்யும் மாலையில் வழிதவறி, யார் வீட்டு வாசலிலோ ஒடுங்கிக் கிடக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வரும் குள்ளமான மனிதர் ஒருவர் அதைக் கண்டு மனமிரங்கித் தம்மோடு அழைத்துச் செல்கிறார். அவர் சர்க்கஸ் கோமாளி. அவர் வீட்டில் பழக்கிய வாத்து ஒன்றும் பூனை ஒன்றும் பன்றி ஒன்றும் உள்ளன. நாய்க்கு வயிறார உணவு கிடைக்கிறது. படுக்க மெத்தை கிடைக்கிறது. 'அத்தை' என்று பொருள்படும் புதிய பெயரும் கிடைக்கிறது.

பழைய வீட்டிலோ தச்சர் குடித்துவிட்டு, மனிதனோடு ஒப்பிட்டால் நீ ஒரு பூச்சி என்று ஏசுவார். சிறுவனோ இறைச்சித் துண்டை நூலிற் கட்டி விழுங்கக் கொடுத்து, விழுங்கியபின் நூலை இழுத்து வெளியே எடுத்து விளையாடுவான். இரண்டு வீடுகளையும் தராசில் வைத்தால் எது கனக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் சர்க்கஸில் முதன்முதலாக மேடையேறிய இரவில், மேல்மாடத்திலிருந்து பழைய பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டதும், பார்வையாளர் தலைகளின் மேலாகத் தாவிப் பழைய எசமானரிடம் ஓடிவிடுகிறது அந்த நாய். கோமாளியோடு கழித்த நாள்கள் அதற்கு நீண்டு குழம்பிய கனவுபோல் ஆகிவிடுகின்றன.

நம்மவர் இக்கதையைப் படித்தால் உடனே 'நன்றி' என்பர். நாயின் நன்றியைப் போற்றுவது நம் மரபில் ஊறிய ஒன்று. யானையின் நட்பினும் நாயின் நட்பே மேல் என்று நாலடியார் பேசுகிறது. பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயையும் அது அருகருகே நிறுத்திக் காட்டுகிறது. அந்த ஒப்புமை நட்பை ஆய்வதற்கு வந்தது. நாயை ஆய்வதற்கு வந்ததன்று. அதை நாயின் இலக்கணமாகக் கொண்டால் செக்கோவின் கதை நமக்குப் புரியாமலே போகும். ஏனெனில், நன்றிதான் அளவுகோல் என்றால் கஷ்தான்கா நன்றி கெட்டது. குளிரில் மடிய இருந்ததைக் காத்து உணவளித்தவரை, அவர் தொழிலுக்கு மிகவும் தேவைப்பட்ட வேளையில், ஒரு கூப்பாட்டுக்காக அது விட்டுவிட்டுப் போகிறது.

செக்கோவ் இதை நன்றி என்றும் சொல்லவில்லை. நன்றிகேடு என்றும் சொல்லவில்லை. அந்த நாயின் நினைவில் மரப்பசையும் சீவல்களும் மெருகெண்ணெயும் மணக்கின்றன என்று மட்டும் காட்டுகிறார். அந்த மணம்தான் அதற்கு வீடு. காத்தவருக்கு இதயமும் சொந்தமாகிவிடும் என்னும் நம் எண்ணத்தை அவர் மெல்லக் கலைத்துவிடுகிறார். அறச்செயலுக்குக் கைம்மாறாக வாலாட்டத்தை எதிர்பார்ப்பவன், செய்த உதவியைக் கடனாக மாற்றிவிடுகிறான்.

இன்னொன்றையும் இக்கதையில் உன்னிப்பாகக் காண வேண்டும். கோமாளி நல்லவர். வாத்து இறக்கும் இரவில் அவர் படும் வேதனையைச் செக்கோவ் எழுதியிருக்கும் பக்கங்கள் அவர் கதைகளிலேயே மிகச் சிறந்தவற்றுள் சேர்பவை. ஆனாலும் அந்த நல்லவர் ஒன்றைச் செய்யவில்லை. நீ எங்கிருந்து வந்தாய் என்று நாயிடம் கேட்டார். தெருவில் உள்ளவர்களிடம் கேட்கவில்லை. இது யாருடைய நாய், எவரேனும் தேடுகிறார்களா என்று அவர் அக்கம்பக்கத்தில் விசாரித்ததாகக் கதையில் இல்லை. இரக்கம் வந்தவுடன் உரிமையும் வந்துவிட்டதாகக் கருதிவிட்டார். வாத்து இறந்தபின் அதன் இடத்தை நிரப்ப நாய் தேவைப்பட்டது என்பதும் உண்மை. காப்பாற்றியவனின் தேவை, காக்கப்பட்டதன் தேவையை மறைத்துவிடுவது தீயோரிடத்தில் மட்டும் நிகழ்வதன்று.

ஒப்படைக்கும் கை

மூன்றாவது படைப்பில் எடுத்த கை ஒப்படைக்க முயல்கிறது. உம்பர்ட்டோ தொமெனிக்கோ ஃபெராரி ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஓய்வூதியம் வாடகைக்கும் போதவில்லை. வீட்டுக்காரி அவரை வெளியேற்றக் காத்திருக்கிறாள். அவருக்கு உறவென்று இருப்பது ஃபிளைக் என்னும் சிறு நாய் ஒன்றே. இந்த வேடத்தை ஏற்றவர் நடிகர் அல்லர். ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் கார்லோ பத்திஸ்தி. டி சிக்கா இப்படத்தைத் தம் தந்தைக்குக் காணிக்கையாக்கினார். அவர் பெயரும் உம்பர்ட்டோவே.

மருத்துவமனைக் காட்சி ஒன்று நம் வாசகர்களைச் சற்றே நெளியச் செய்யும். சில நாள்கள் கூடுதலாகப் படுக்கையும் உணவும் வேண்டுமென்றால் கன்னியரிடம் ஒரு செபமாலை கேட்டு வாங்கிக்கொள் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் யோசனை சொல்கிறார். பெரியவரும் அவ்வாறே செய்கிறார். முதலில் சிரிக்கிறோம். பிறகு, ஒரு முதியவர் தங்குமிடத்துக்காகப் பக்தியை நடிக்க நேர்ந்தால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்ற எண்ணம் வருகிறது. படத்தைக் கண்டித்து ஜூலியோ அந்திரெயோத்தி 1952இல் வெளியிட்ட திறந்த மடல் புகழ்பெற்றது. அப்போது அரசில் திரைப்படத் துறையின் பொறுப்பு அவரிடம் இருந்தது; இத்தகைய படங்கள் நாட்டுக்குத் தீங்கு செய்கின்றன என்பது அவர் வாதம். நாட்டின் வறுமையைக் காட்டியது குற்றமாயிற்று.

பெரியவர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நாயைக் காணவில்லை. நகராட்சியின் நாய்ப்பட்டிக்கு ஓடுகிறார். பிடிபட்ட நாய்கள் வண்டியிலிருந்து இறக்கப்படுவதையும், உரிய காலத்தில் எவரும் வந்து மீட்காதவை கொல்லப்படுவதையும் நாம் காண்கிறோம். நாயைத் திரும்பப் பெறக் கட்டணம் செலுத்த வேண்டும். கையில் பணமில்லாத ஒருவர் என்ன செய்வதென்று அறியாமல் தயங்கி நிற்கும் சிறு காட்சி ஒன்று அங்கே வருகிறது. வசனம் சிலவே. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறப்பதற்கில்லை.

ஃபிளைக் கிடைத்துவிடுகிறது, வீடு போய்விடுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முடிவு செய்த பெரியவர், அதற்கு முன் நாய்க்கு ஓர் இடம் பார்த்துவிட வேண்டும் என்று புறப்படுகிறார். படத்தின் கடைசிப் பகுதி முழுவதும் இத்தேடல்தான். பணம் பெற்றுக்கொண்டு நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஓரிடத்துக்குப் போகிறார். அங்குள்ள அழுக்கையும் இரைச்சலையும், நாய் நடுங்குவதையும் பார்க்கிறார். விட மனமின்றித் திரும்புகிறார். பூங்காவில் விளையாடும் சிறுமிக்கு இலவசமாகவே தருகிறேன் என்கிறார். சிறுமிக்கு ஆசைதான், உடன் வந்த தாதி மறுத்துவிடுகிறாள். பிள்ளைகளின் நடுவே நாயை விட்டுவிட்டு ஒளிந்துகொள்கிறார். அது தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. கடைசியில் அதை மார்போடு அணைத்தபடி இருப்புப்பாதைக் கதவின் அருகே நிற்கிறார். இரயில் நெருங்கும்போது நாய் அலறித் திமிறி இறங்கி ஓடிவிடுகிறது. அதைப் பின்தொடர்ந்ததால் அவரும் பிழைக்கிறார். ஆனால் நாய் இப்போது அவரைக் கண்டு அஞ்சுகிறது. பைன் மரக்காய் ஒன்றைக் காட்டிக் கெஞ்சிக் கூப்பிட்டு, அதன் நம்பிக்கையை மீண்டும் பெற அவர் படும் பாடுதான் இறுதிக் காட்சி.

பின்னணி இசை தேவைக்கு மேல் உருகுகிறது என்பது நம் கருத்து. காட்சி தானே பேசும் இடங்களிலும் வயலின்கள் குறுக்கிடுகின்றன. அது ஒன்றைத் தவிர்த்தால், ஒப்படைத்தல் என்னும் செயலின் கடினத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படைப்பு வேறொன்றை நாம் அறியோம். பெரியவர் ஒவ்வோர் இடத்திலும் நாயின் கண்ணால் பார்க்கிறார். தம் சாவுக்குக் குறித்த நாளிலும் கிடைத்த முதல் இடத்தில் தள்ளிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் அவரிடம் அன்பு காட்டியவள் பணிப்பெண் மரியா ஒருத்தியே. அவளோ மணமாகாமல் கருவுற்றவள். செய்தி தெரிந்த அன்றே அவளுக்கும் அந்த வீட்டில் இடமில்லை. அன்புள்ளவர்க்கு வீடில்லை, வீடுள்ளவளுக்கு மனமில்லை.

இங்குதான் மூன்று படைப்புகளும் ஒன்றுகூடுகின்றன. தெருவில் நிற்கும் நாயின் கேள்வி உண்மையில் யாருடைய வீடு என்னும் கேள்வியாகும். கெராசிமுக்கும் உம்பர்ட்டோவுக்கும் இரக்கத்தில் குறைவில்லை. தங்களுக்கே நிலையான கூரை இல்லாததால் அவர்களுடைய இரக்கம் ஒரு குட்டி நாயையும் காக்க முடியாமற் போகிறது. கோமாளிக்குக் கூரை உண்டு; அங்கே நாய் விருந்தினராக வந்து வேலையாளாகிறது. நாயின் கதை என்று நாம் வாசித்தது, இடம் உடையவர் இடம் அற்றவர் என்னும் பிரிவின் கதையாகவே முடிகிறது.

ஒரு மறுப்புரை

மனிதர் பசித்திருக்க நாய்களைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பவர் உண்டு. கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இரண்டு பக்கங்களையும் சேர்த்தே கூறுகிறது. விலங்குகளை வீணே வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. மனிதத் துயர் துடைக்க முன்னுரிமையோடு செலவிட வேண்டிய பணத்தை அவற்றின் பொருட்டுச் செலவழிப்பதும் தகாது என்கிறது. மேற்கண்ட படைப்புகளே இதற்கு நல்ல விளக்கம். மூன்றிலும் நாயைப் பின்தொடர்ந்து சென்ற நாம் ஓர் ஏழையின் வாசலில் போய் நிற்கிறோம்.

தெருநாயால் வரும் தீங்கை மறைப்பதும் முறையன்று. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்டுப் பலியாவோரில் குழந்தைகள் மிகுதி. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த விதிகளும், நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதை அடிப்படையாகக் கொண்டவை. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற ஆணையிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் மூவர் அமர்வு அதனைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை உரிய சிகிச்சைக்குப்பின் பழைய இடத்திலேயே விடலாம் என்றது. விரும்புவோர் தத்தெடுக்கலாம் என்றும், தத்தெடுத்தவை மீண்டும் தெருவுக்கு வராமற் பார்ப்பது அவர்தம் பொறுப்பு என்றும் அந்த ஆணை கூறியது. அக்கடைசிக் கூற்றைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவர் உம்பர்ட்டோதான். எடுத்தவரின் பொறுப்பு எடுத்ததோடு முடிவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் செய்த பிழை

இவ்வளவும் எழுத நமக்குத் தகுதி உண்டோ என்ற ஐயத்தோடு, நம் அனுபவம் ஒன்றையும் சொல்லி முடிப்போம். ஐப்பசி மழைநாள் ஒன்றில், மெய்ப்புப் பார்க்கச் சென்ற அச்சகத்தின் தாழ்வாரத்தில், காகிதக் கழிவு மூட்டைகளுக்கிடையே கறுப்புக் குட்டி ஒன்று கிடந்தது. பெட்டைக் குட்டி; அதனாலேயே எறியப்பட்டது என்பதில் ஐயமில்லை. நாம் தங்கியிருந்த இடத்தில் நாய் வளர்க்க வசதியில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். பூச்சி மருந்து கொடுத்தோம். வயது வந்ததும் தடுப்பூசி போட்டோம். பிறகு இடம் தேடினோம். தோட்டமும் துரவும் உள்ள அன்பர் ஒருவர் முன்வந்தார். நாம் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சாப்பாட்டுக்குக் குறை இருக்காதே?" "எங்கள் தோட்டத்தில் சாப்பாட்டுக்கா பஞ்சம்?" என்றார். மகிழ்ந்து கொடுத்துவிட்டு வந்தோம். நல்ல காரியம் செய்த நிறைவில் அன்றிரவு நன்றாகத் தூங்கினோம்.

இரண்டு மாதம் கழித்து அவ்வழியே போக நேர்ந்தபோதுதான் பார்த்தோம். பம்புசெட்டு அறையின் தகரத் தாழ்வாரத்தில் குறுஞ்சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. தட்டில் சோறு இருந்தது, குறை சொல்வதற்கில்லை. பகலில் அங்கே ஆள் இல்லை, இரவிலும் இல்லை. கழுத்தில் சங்கிலி அறுத்த புண். வாலாட்டவும் அது மறந்திருந்தது. அன்பரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. அவர் காவலுக்கு நாய் வேண்டும் என்று நினைத்தார். நாம் எதற்கு வேண்டும் என்று கேட்கவேயில்லை. கோமாளியின் பிழையும் நம் பிழையும் ஒன்றுதான்: கேட்க வேண்டியதைக் கேட்காதது.

அவரிடம் பேசித் திரும்பக் கொண்டுவந்தோம். பேருந்து நிலையத்தருகே இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் அதைப் பார்த்து, "எங்கிட்ட விடுங்க ஐயா, நான் பாத்துக்கிறேன்" என்றார். நாள்தோறும் அவர் கடையில் உண்டும், அவரைக் கேட்க வேண்டும் என்று நமக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் என்பதே காரணம். அவரும் அடுத்த நொடியில் முகம் வாடி, "வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ" என்றார்.

மூமூவும் உம்பர்ட்டோவும் அப்போது நம் நினைவில் இருந்திருக்காவிட்டால், "கேட்டுச் சொல்லுங்கள் அம்மா" என்று கூறிவிட்டு நாம் போயிருப்போம். அன்று அவ்வாறு செய்யவில்லை. அவரோடு நாமும் நடந்து சென்று வீட்டுக்காரரின் வாசலில் நின்றோம். தடுப்பூசிச் செலவும் கருத்தடைச் செலவும் நம்முடையவை என்றோம். ஏதேனும் தொல்லை நேர்ந்தால் எந்த நேரமும் வந்து அழைத்துக்கொள்வோம் என்று எழுதியும் கொடுத்தோம். அவர் நெடுநேரம் யோசித்தார். "இந்தம்மா பத்து வருஷமா ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்ல. இருக்கட்டும்" என்றார்.

கெராசிமுக்காகச் சீமாட்டியின் முன் வந்து நிற்க எவருமில்லை. உம்பர்ட்டோவோடு வீட்டுக்காரியிடம் போய்ப் பேச எவருமில்லை. தெருநாய்க்கு இடம் தேடுவோர் நல்ல மனமுள்ள ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், அந்த வீட்டாருக்குத் துணையாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. இதை நாம் இம்மூன்று படைப்புகளிலிருந்தும், ஒரு நாயின் கழுத்துப் புண்ணிலிருந்தும் கற்றோம்.

அந்தக் கறுப்பு நாய் இப்போது இட்லிக் கடைப் படியோரம் படுத்திருக்கிறது. நம்மைக் கண்டால் தலையைச் சிறிதே தூக்கிப் பார்க்கும், மறுபடியும் படுத்துக்கொள்ளும். எழுந்து ஓடி வருவதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான். அடுத்த தடுப்பூசி மாசியில் போட வேண்டும். சென்ற வாரமே அவர் நமக்கு நினைவூட்டிவிட்டார்.